கேமரா மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது

கேள்வி: போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்ததும் அமெரிக்க நகரங்கள் போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தெருவுக்கு வந்தன. பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் எங்களை ‘விசாரணை’ என்று அழைத்துப்போனால் என்ன பாதுகாப்பு?
– வாசகர், எம். புதுப்பட்டி

பதில்: ஃபிளாய்டு இறந்தது 2020 மே 25. ஒரு மாதம் முடிவதற்குள் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். மினியாபொலிஸில் 17 வயதுப் பெண் செல்போனில் எடுத்த வீடியோ, ஃபிளாய்டைக் கொன்ற காவலருக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறை வாங்கித் தந்தது. சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள். கேமராவுக்கு மறதி வந்த இடத்தில், அங்கேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் நினைவோடு சாட்சி சொன்னார். காக்கிக்குள்ளிருந்து வந்த அந்தத் துணிச்சல்தான் உண்மையான சீர்திருத்தம்.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்றது.

நீங்கள் கேட்ட பாதுகாப்பு இதுதான்: கைது செய்தால் போலீஸ் நேரம், தேதியோடு குறிப்பாணை எழுத வேண்டும்; அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருந்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வக்கீலுக்குப் பணமில்லையா? 15100-க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி உண்டு. இந்த எண்ணை இன்றே வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.