பிரம்மாவின் கைக்கடிகாரத்துக்கு ஒரு விண்ணப்பம்

காலத்தைக் கட்டியாளும் விமான நிறுவனத்தாரின் திருச்சமூகத்துக்கு,

பிரம்மாவுக்கு ஒரு பகல் என்றால் நமக்கு 432 கோடி ஆண்டுகள் என்கிறது புராணம். தங்கள் பலகையில் '20 நிமிடம் தாமதம்' என்றால் நமக்கு எவ்வளவு என்று எந்தப் புராணத்திலும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு காதுகுத்துக்குப் போகச் சென்னை விமான நிலையத்தில் நின்று தெரிந்துகொண்டேன். 1 மணி 50 நிமிடம். அதையும் மொத்தமாகச் சொல்லாமல் தவணை தவணையாக அருளினீர்கள்.

ஒன்றரை மணி நேரத்துப் பயணத்துக்கு 2 மணி நேரம் தாமதமானால் பயணிகளுக்குத் தீனி தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பக்கத்து நாற்காலிப் பாட்டிக்குச் சர்க்கரை. கை நடுங்க கவுண்டரில் போய் ஒரு டீ கேட்டார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகணும் மேடம்" என்றார் தங்கள் ஊழியர். பத்து நிமிடம் ஆவதற்குள் போர்டிங் என்று அறிவித்துவிட்டீர்கள். பிரம்மாவுக்குக்கூட இவ்வளவு துல்லியம் வராது.

அந்தம்மா மயங்கி விழுந்திருந்தால் எந்த விதியைக் காட்டியிருப்பீர்கள்? ஒரு டீ ஐயா. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு டீ! வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். மானிடப் பிறவி, நாக்கு குழறிவிட்டது.

தங்கள் கணித ஞானத்தையும் போற்றியாக வேண்டும். சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். தங்கள் விசிறி வைத்த விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். ஏறி இறங்குவதைச் சேர்த்தாலும் வானத்தில் ஒரு மணி நேரம் போதும். டிக்கெட்டிலோ 1 மணி 30 நிமிடம். சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி கட்டை கொடுப்பது வரை கணக்கு என்பது தெரியும்; மீனம்பாக்கத்து ஓடுபாதையில் வரிசை நிற்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்கு மேல் மிஞ்சுவது பிரம்மா தன் பைக்குள் முடிந்து வைத்துக்கொள்ளும் நேரம். அன்றைக்கு அதை அவிழ்த்துவிட்டு, "வழியில் இருபது நிமிடத்தை மீட்டுவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமைப்பட்டீர்கள். முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். 15 நிமிடம்வரை பிந்தி வந்தாலும் 'குறித்த நேரம்' என்றே எழுதிக்கொள்ளும் சலுகை வேறு உலகெங்கும் தங்கள் குலத்துக்கு உண்டு.

என் மச்சான் விவரம் தெரியாதவர். காலை ஆறு மணிக்கு எழும்பூரில் தேஜஸ் ரயில் பிடித்தார். நான் காதுகுத்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது மொய் எழுதிவிட்டு, பந்தியில் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்ன மாப்ளே, பிளைட்டு ரயில்வே கேட்டுல நின்னுருச்சா?" என்றார். பந்தியே சிரித்தது. எனக்குக் குழம்பு மட்டும் மிச்சமிருந்தது.

ஆகவே அடியேனின் விண்ணப்பம்: அடுத்த அட்டவணையில் மதுரைக்கு ஏழரை மணி நேரம் என்று அச்சிட்டுவிடுங்கள். வைகை எக்ஸ்பிரஸ் 1977 முதல் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது, அதனிடம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தாங்களும் தினமும் ஆறு மணி நேரம் முன்னதாகவே வந்திறங்கி விருது வாங்கலாம். வைகையில் டீ விற்றுக்கொண்டும் வருவார்கள். அதை மட்டும் பின்பற்ற வேண்டாம், தங்கள் தகுதிக்கு ஒவ்வாது.

இப்படிக்கு,
ஜன்னலோர இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டிய பக்தன்