அம்மூம்மை வீட்டுச் சஞ்சி: ஓர் எல்லைப்புற ஆய்வு

1. களம்

தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்குப் பூட்டுப் போட்டதும் களியக்காவிளை வழியாக ஓர் இடப்பெயர்ச்சி நடக்கிறது. நடத்துநர்கள் இதைக் கூட்டம் என்பர். அறிஞர் பாட்டி வீட்டுக்குப் போதல் என்பர். பாட்டிக்கு அங்கே அம்மூம்மை என்று பெயர்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு பல சம்பந்தி வீடுகளுக்கு நடுவே ஓடியது. ஊர்ப் பெயர்கள் மட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்தப் பக்கம் களியக்காவிளை, அந்தப் பக்கம் இஞ்சிவிளை, இன்னும் கொஞ்சம் போனால் அமரவிளை. விளை என்றால் தோப்பு. ஆய்வுக்கு அது போதும்.

2. சொல்லியல்

பாறசாலை ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுப்படி ஏறும் குழந்தைக்கு முதலில் கிடைப்பது "மக்களே!" என்ற விளி. போனது ஒரே குழந்தை. இலக்கணப்படி இது ஒருமை பன்மை மயக்கம். அம்மூம்மைப்படி ஒரு பேரன் ஒரு கூட்டத்துக்குச் சமம்.

அடுத்தது, "வெள்ளம் வேணுமா?" சென்னையில் பிறந்த பிள்ளை இதைக் கேட்டு வாசலை எட்டிப் பார்க்கும். பிறகுதான் தண்ணீர்ச் சொம்பு வரும்.

மூன்றாவது, "மெலிஞ்சு போச்சே!" இத்தீர்ப்பு வயது, எடை, பால் வேறுபாடின்றி வழங்கப்படுகிறது. சட்டைப் பித்தான் தெறிக்க நிற்கும் மருமகனுக்கும் இதுவே. எடைக்கருவியின் சாட்சியம் இங்கே செல்லாது.

3. பருவம்

தமிழர்க்கு மார்கழி, மலையாளிகளுக்குத் தனு, மாதம் ஒன்றே. இதைக் குளிர்காலம் என்று கொடைக்கானல்காரர் யாரும் ஒப்பமாட்டார். விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கிடையே சற்றுப் பனிமூட்டம், அவ்வளவே. ஆனாலும் "பனி விழுது" என்று எல்லார் தலையிலும் துண்டு சுற்றப்படும்.

குளிர் பொய் என்றால் பருவத்தின் மெய் எது? கிழங்கு. காச்சிலும் சேனையும் சேம்பும் மண்ணைவிட்டு வெளிவரும் காலம் இது. தனு மாதத் திருவாதிரைக்குப் புழுக்கு என்னும் கிழங்குக் கூட்டு வைப்பதும் இவற்றைக் கொண்டுதான். கூடவே மரச்சீனி என்னும் மரவள்ளி: தென் அமெரிக்காவில் பிறந்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளின் ஆதரவால் இங்கே வேரூன்றி, மீன்கறியோடு மணமுடித்த கிழங்கு.

4. வேண்டாம் விதி

போகும்போது ஒரு சஞ்சி, அதாவது பை; திரும்பும்போது மூன்று. இரண்டு எங்கிருந்து பிறந்தன? நேரில் கண்டு எட்டிய முடிவு இது: விருந்தாளி ஒருமுறை "வேண்டாம்" என்றால் இரண்டு தேங்காய் கூடும். இரண்டாம் முறை சொன்னால் ஏத்தங்காய் வத்தல். மூன்றாம் முறை சொல்பவர் ஒரு முழுக் காச்சிலைத் தோளில் சுமப்பார். பேசாமல் இருந்தவருக்கு என்ன குறையும் என்று சோதிக்க முடியவில்லை. பேசாமல் இருந்தவர் எவரும் அகப்படவில்லை.

அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்திலும் இச்சரக்கு தடையின்றிக் கடந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இதற்கு ஒரு விகிதம் குறிக்க முடியவில்லை. வாங்குபவர் வேண்டாம் என்கிறார். கொடுப்பவர் காசு வாங்குவதில்லை. இதை வணிகம் என்று எந்த அதிகாரி எழுதுவார்?

5. முடிவு

விளை நிறையக் கிழங்கு. வீட்டில் அப்பூப்பன் என்ற தாத்தாவும் அம்மூம்மையுமாக உண்ண இரண்டே வாய். எஞ்சிய கணக்கைச் சஞ்சி நேர்செய்கிறது.

ஆகவே பயணிகளுக்கு ஒரு பரிந்துரை: பெட்டிக்குள் வெறும் சஞ்சி இரண்டை மடித்து வையுங்கள். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்களானால் தேங்காயை இருக்கைக்கு அடியில் வையுங்கள். திரும்பும் வழியில் குழித்துறை தாண்டும்போது உருளும்.