தத்து

99.98. யாருக்கோ காய்ச்சல் என்று எண்ணிக் கஷாயம் போட எழுந்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரத்தில் பெருமையோடு அறிவித்த கணக்கு இது. கேரளத்தில் டிஜிட்டல் சமாச்சாரம் தெரியாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகப் போய்த் தேடியதில் சுமார் 21 லட்சத்து 88 ஆயிரம் பேர் அகப்பட்டார்கள். அவர்களில் 99.98 சதவீதம் பேர் பயிற்சி முடித்துவிட்டார்களாம். நூறு வயது தாண்டிய பெரியவர் ஒருவர் கைபேசியைத் தடவிப் பழகியதும் செய்தியானது. அவர் நன்றாக இருக்கட்டும். என் கண் அந்த மீதி 0.02 மேலேதான். நானூற்றுச் சொச்சம் பேர். மாநிலத்தின் மானத்தை வாங்கிய அந்தப் பாவிகள் யாராக இருக்கும்?

இடமலைக்குடிப் பக்கம் தேடிப் பார்க்கலாம். இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் முதுவான்கள் வாழும் குடிகளைச் சேர்த்து 2010-இல் அமைத்த பஞ்சாயத்து. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்று பெயரெல்லாம் உண்டு. அங்கே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியைத் தூளியாக்கி, மூங்கிலில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து இறக்குவார்கள். 4ஜி மலையேறிவிட்டது. ஆம்புலன்ஸ் இன்னும் எல்லாக் குடிக்கும் ஏறவில்லை. நெட் வழியாக ஆம்புலன்ஸை அனுப்பும் செயலி வரும்வரை மூங்கில்தான்.

2023 ஜூனில் கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் வந்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்றார்கள். முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு. கோயில் பிரசாதம்கூட இதைவிடத் தாராளமாகக் கிடைக்கும்.

எதையும் இப்போது தத்தெடுக்கிறார்கள். பிள்ளையை, பூங்காவை, கிராமத்தை, நேற்று வந்த தொழில்நுட்பத்தை. மலையாளத்திலும் இதற்குத் தத்து என்றுதான் பெயர், அந்த மட்டில் எல்லைத் தகராறு இல்லை. ஆனால் சோசியர் ஜாதகத்தைப் பார்த்து, "பிள்ளைக்கு ஒரு தத்து இருக்கும்மா" என்றால் பெற்றவளுக்கு அடிவயிறு கலங்கும். அங்கே தத்து என்றால் கண்டம், உயிருக்கு ஆபத்து. என் போன்ற எல்லையோரத் தமிழனுக்கு இந்த இரண்டாவது தத்து மட்டும் தவறாமல் கிடைத்துவிடுகிறது.

மொழிவாரி மாநிலம் பிரித்த நாளில் தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் ஜாதகம் எழுதினார்கள். அங்கிருந்த தமிழர்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த கூட்டம், நிலையாகத் தங்காது என்பது 1955-இல் அறிக்கை கொடுத்த கமிஷனின் நினைப்பு. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தோடே நின்றன. நிலையாகத் தங்காத கூட்டம் ஏழு தசாப்தமாகக் கொழுந்து பறிக்கிறது. அங்கே கேட்டால் பாண்டி. இங்கே வந்தால் மலையாளத்தான். தமிழ்நாட்டு மேடைகளுக்கு முல்லைப் பெரியாறு பொங்கும்போது மட்டும் நாங்கள் தொப்புள்கொடி. தண்ணீர் வடிந்ததும் கொடியை அறுத்துவிடுவார்கள்.

பிள்ளைத் தத்துக் கணக்கும் பார்ப்போம். 2024-25-இல் நாடு முழுக்க 4,515 தத்துகள், பன்னிரண்டு வருடத்தில் இதுதான் அதிகமாம். அப்போது வரிசையில் நின்ற பெற்றோர் 36,000-க்கு மேல். சட்டப்படி தத்துக்குத் தயாரான பிள்ளைகள் இரண்டாயிரத்துச் சொச்சம். மூன்று வருடத்துக்கு மேல் காத்திருப்பு. இவ்வளவு பேர் காத்திருந்தும் அந்தச் சொச்சத்தில் பல பிள்ளைகள் விடுதியிலேயே வளர்கின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வயதுக்குள், நோய்நொடி இல்லாத குழந்தைதான் வேண்டும். வளர்ந்த பிள்ளை, கால் சரியில்லாத பிள்ளை, இருதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளை என்றால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அரசாங்கங்கள் மக்களைத் தத்தெடுப்பதும் இதே ருசியில்தான்.

அட்டப்பாடிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டு மாவட்டம், ஆனைக்கட்டியைத் தாண்டினால் கோயம்புத்தூர். 2013-இல் இருளர் ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் வரிசையாகச் செத்தன. டெல்லி மந்திரி வந்தார், கோடிகள் வந்தன, சமூக அடுக்களை வந்தது. இப்போது முகம் பார்க்கும் இயந்திரமும் வந்துவிட்டது. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவை வாங்க, கைபேசி முதலில் முகத்தைப் பார்த்து 'ஆமாம், இவள்தான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமிர்தம் பொடி கொடுக்கும் டீச்சருக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அது செல்லாது. ரேஞ்ச் இல்லாத மலையில், சர்வர் படுத்த நாளில், பெற்ற தாய் தன் பிள்ளைக்குத் தாய் என்பது நிலுவையில் நிற்கும்.

தொழிலுறப்பு என்று கேரளத்தில் சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கும் தினம் இரண்டு தடவை செயலியில் படம் ஏற்ற வேண்டும். திருட்டை ஒழிக்கத்தானாம். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. திருடன் செயலியை நன்றாகவே தத்தெடுத்துவிட்டான்.

அட்டப்பாடியில் கேமரா போனை ஒரு கும்பல் எப்படித் தத்தெடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், புள்ளிவிவரத்தில் வராது. 2018 பிப்ரவரி 22. அரிசி திருடினான் என்று மது என்ற ஆதிவாசி இளைஞனைக் காட்டுக்குள் பிடித்து, கையைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அன்றே அவன் செத்தான். படம் துல்லியமாக வந்திருந்தது. பசித்த முகத்தை அடையாளம் காண அன்று எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. 2023 ஏப்ரலில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது மண்ணார்க்காடு நீதிமன்றம்.

பிள்ளைத் தத்தும் இயந்திரமும் சேரும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. கேரளம் பத்து வருடம் கழித்துத் திருவனந்தபுரத்தில் அம்மத்தொட்டில் வைத்தது, அதுவும் மின்னணுத் தொட்டில். பெற்றவள் குழந்தையைக் கிடத்திவிட்டுப் போனால் தொட்டிலுக்கே தெரிந்துவிடும். உள்ளே மணி அடிக்கும், ஆள் ஓடி வரும். நல்ல ஏற்பாடு, கிண்டல் செய்ய மனமில்லை. மூன்று கிலோ உயிரின் பாரத்தை உணரத் தெரிந்த அரசு என்று கும்பிடவே தோன்றுகிறது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து நாலு லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியது. எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கயத்தாறு வேர் உள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, ரேஞ்ச் இல்லை, எங்கும் மணி அடிக்கவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்குச் சில வருடம் முன்பே இணையம் மனித உரிமை என்று கேரளம் அறிவித்திருந்தது. உரிமை மலையடிவாரத்தில் ரேஞ்ச் தேடிக்கொண்டிருந்தது போலும்.

அந்த ஆகஸ்ட் 7 அன்றே கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விழுந்தது. அங்கே செத்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம், முதலமைச்சர் விடிந்ததும் போனார். பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் வந்து சேர்ந்தது ஒரு வாரம் கழித்து.

99.98-க்கு மிச்சம் இருப்பதுபோல் பெட்டிமுடிக் கணக்கிலும் மிச்சம் உண்டு. கிடைத்த உடல்கள் 66. நாலு பேர் இன்னும் அந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.