மைனஸ் பத்து டிகிரியில் மசக்காளிபாளையம்

கே: ஏனுங்க, ராத்திரி எப்படியும் குளுகுளுன்னுதானே இருக்குது? வானத்தைப் படம் பிடிக்கிற கேமராவுக்கு எதுக்குங்க தனியாக் குளிர்ச்சி?
– மளிகைக் கடைக்காரர், அன்னூர்

ப: உங்களுக்குக் குளுகுளு. சென்சாருக்கு அதுவே கத்திரி வெயில். சிலிக்கான் சில்லில் ஒளியே படாவிட்டாலும் சூடு சில எலக்ட்ரான்களை உதிர்த்துவிடும். வந்தது நட்சத்திரம் அனுப்பியதா, தன் உடம்புச் சூடா என்று கேமராவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கல்யாணப் படத்துக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு போதும், யார் கண்ணிலும் படாது. நெபுலாவுக்கு ஐந்து நிமிடம் திறந்து வைத்தால், கறுப்பு வானத்தில் ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள். சுமார் 6 டிகிரி குறையும்போதெல்லாம் இந்தக் கள்ளக் கணக்கு பாதியாகும். 35 டிகிரியில் இருக்கும் சென்சாரை மைனஸ் 5-க்கு இறக்கினால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இறக்குவது பெல்டியர் தகடு. கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1834-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்டுபிடித்த சங்கதி. சுடுகிற பக்கத்துக்கு ஒரு குட்டி ஃபேன், அவ்வளவுதான்.

கே: வீடியோக்களில் எல்லோரும் மைனஸ் 20-ல் வைக்கச் சொல்கிறார்கள். என் கேமரா மைனஸ் 8-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. பழுதா?
– ஐ.டி. ஊழியர், சரவணம்பட்டி

ப: கேமரா நன்றாக இருக்கிறது. அந்த வீடியோக்காரர் எந்த ஊர் என்று பாருங்கள். ஜெர்மனியில் ஜனவரி ராத்திரி பூஜ்யம் டிகிரி. அவருக்கு ஊரே பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறது. இந்தக் குளிர்விப்பான்களின் கணக்கு, வெளிச் சூட்டிலிருந்து எத்தனை டிகிரி இறக்கும் என்பது. பெரும்பாலும் 35, கொஞ்சம் நல்லதென்றால் 40. நம் ஏப்ரல் இரவு 27 டிகிரி. கழித்துக்கொள்ளுங்கள்.

கோடையில் பூஜ்யத்திலும் மார்கழியில் மைனஸ் 10-லும் நிறுத்துங்கள், போதும். முழு மூச்சில் ஓடவிட்டால் மேடேறும் லாரி மாதிரி நடுவழியில் திணறும். தினமும் ஒரே குளிரில் நிற்பதுதான் இந்தக் கேமராவுக்குக் கொடுக்கும் காசின் நிஜமான பலன். மூடியைப் போட்டு, அதே குளிரில், அதே ஐந்து நிமிடத்துக்கு இருட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்வோம். ‘டார்க்’ என்பது அதைத்தான். பிறகு நட்சத்திரப் படத்திலிருந்து அதைக் கழித்தால் ரவை போய்விடும். சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் பத்து மணிக்கு ஒரு சூடு, இரண்டு மணிக்கு ஒரு சூடு என்பதால் கழித்தல் சரியாக வராது. இதில் மழை நாளில் வீட்டுக்குள் எடுத்த டார்க்கையே பல மாதம் ஓட்டலாம். ஐ.எம்.எக்ஸ். 533, 571 சென்சார் உள்ள கேமராக்களில் மூலையில் வெளிச்சம் கசியும் தொல்லையும் கிடையாது.

கே: கேமரா வாங்கிவிட்டேன். மவுண்ட் மெதுவாக வாங்கிக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், பீளமேடு

ப: காங்கயம் காளையை வாங்கி ஆட்டுக் கயிற்றில் கட்டியிருக்கிறீர்கள். பூமி சுற்றுவதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 400 மி.மீ. தொலைநோக்கியில் உங்கள் கேமராவின் 3.76 மைக்ரான் பிக்சல் ஒவ்வொன்றும் பிடிப்பது 1.9 ஆர்க்செகண்ட். ஆக, ஒரே விநாடியில் நட்சத்திரம் ஏழெட்டுப் பிக்சல் ஓடிவிடும். வானத்தோடு சேர்ந்து திருப்பும் மவுண்ட் இல்லாமல் நீங்கள் எடுப்பது மைனஸ் பத்து டிகிரியில் கோலம்.

கே: துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மவுண்டை எப்படி வடக்கு பார்த்து வைப்பது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈரோடு

ப: நாம் 11 டிகிரி அட்சரேகைக்காரர்கள், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான் எழும்பும். தொட்டியைக் குறை சொல்லாதீர்கள். இந்தத் தாழ்வையே வரமாக்கிய ஒருவர் உண்டு. கோவிந்த் ஸ்வரூப், ஊட்டி முத்தோரையில் சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் படுக்க வைத்தார். சரிவும் அட்சரேகையும் ஒன்றாகிவிட்டதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பினால் மணிக்கணக்கில் வானத்தைத் தொடரலாம். 1970-லிருந்து மலையே மவுண்ட்!

உங்களிடம் மலை இல்லை, ஆகவே ‘நினா’ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். வானத்தின் எந்த மூலையிலாவது மூன்று படம் எடுத்து, மவுண்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அதுவே சொல்லும். வாங்கும் முன் ஒன்று: சில மவுண்ட்கள் 11 டிகிரிக்குத் தாழவே தாழாது. தாழ்ந்தாலும் எடைக்கட்டித் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். என்னுடையது ஒரு நள்ளிரவில் இடித்து நின்று, நான் விடியும்வரை அந்த முக்காலிக் காலையே ரசித்தேன். குட்டையாக ஒரு தூண் செருகினால் தீர்ந்தது.

கே: அந்தத் தூணை நானே கடைந்து தரட்டுங்களா?
– லேத் பட்டறைக்காரர், கணபதி

ப: தாராளமா. கூடவே வளையங்களும். பல தொலைநோக்கிகளில், படத்தின் ஓரத்தைச் சீராக்கும் ஃபிளாட்னர் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே 55 மி.மீ. இருக்க வேண்டும், மில்லிமீட்டர் தவறினாலும் ஓர நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். எம்42, 0.75 பிட்ச் மரை. பம்ப்செட்டுக்கு நீங்கள் தினமும் பார்க்கிற துல்லியம்தான். சீனாவிலிருந்து வளையம் வரக் காத்திருப்பவர்கள் கணபதியைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறார்கள்.

கே: டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகலாமா?
– தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

ப: போகலாம். காலையில் டிராக்டரைத் தள்ள நாலு பேரையும் கூட்டிப்போங்க. குளிர்விப்பான் முழுவீச்சில் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். மவுண்ட், பனித்துளி படியாமல் காக்கும் ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் ஒரு ராத்திரிக்கு 30, 40 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைத்துக்கொள்வது உத்தமம்.

கே: ஆர்.எஸ்.புரம் மொட்டை மாடியில் குளிர் கேமரா எடுபடுமா?
– மருத்துவர்

ப: சும்மா வைத்தால் பெரிய லாபமில்லை. எல்.இ.டி. வெளிச்சம் போடும் இரைச்சலில் சூட்டின் இரைச்சல் அமுங்கிவிடும். ஹைட்ரஜனின் 656, ஆக்ஸிஜனின் 501 நானோமீட்டரை மட்டும் விடும் ஃபில்டரை மாட்டினால் வானம் இருட்டாகும், அப்போது குளிரின் அருமை தெரியும். ஆனால் நெபுலாக்களுக்கு மட்டும். கேலக்ஸி வேண்டுமென்றால் தாராபுரம் பக்கம் வண்டியை விடுங்கள்.

கே: கலரா, கறுப்பு வெள்ளையா?
– மாணவி, திருப்பூர்

ப: முதலில் கலர். கறுப்பு வெள்ளையில் ஃபில்டருக்கு ஒரு செட் படம் வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் மேகம் அத்தனை நேரம் பொறுக்காது.

கே: ‘ஃபிளாட்’ எடுக்க வெளிச்சப் பலகை வாங்கச் சொல்கிறார்களே?
– அச்சக உரிமையாளர், கோபி

ப: வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து முகப்பில் சுருக்கமில்லாமல் கட்டி, விடியல் வானத்தைப் பார்த்து எடுங்கள். தூசி நிழல், ஓர இருட்டு எல்லாம் போகும். கரை உள்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கேமராவுக்கு லட்சத்தைத் தொடுகிறது. அந்தக் காசுக்குப் பவுன் வாங்கலாம் என்கிறார் வீட்டில்.
– பெயர் வேண்டாம், கவுண்டம்பாளையம்

ப: அம்மணி சொல்வதுதான் சரி. பவுனுக்கு ஆடி மாசம் பூஞ்சை பிடிக்காது, சிலிக்கா ஜெல் மாற்ற வேண்டியதில்லை.

கே: சரிங்க, எல்லாம் வாங்கியாச்சு. முதலில் எதை எடுக்கிறது?
– அதே கவுண்டம்பாளையம்

ப: சித்திரை நள்ளிரவில் தெற்கே 31 டிகிரி உயரத்தில் ஒமேகா செண்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த உருண்டை. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. முப்பது விநாடிப் படங்களே போதும். குளிர்விப்பானைப் போட மறந்தாலும் வரும், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.