விலைபோனால் தோல்வியா?

கேள்வி: நம்மவர்கள் வளர்த்த கிளவுட் மென்பொருள் நிறுவனத்தை இன்னொருவர் வாங்கிவிட்டால் அது தோல்விதானே? (ஸ்ரீரங்கம் வாசகர்)

பதில்: அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது, ஸ்ரீரங்கத்தில் நீங்கள் குளிக்கும் நீரில் அதுவும் உண்டு, தோற்றா போனது? திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், 2015-இல் சென்னையின் கொனோட்டர் நிறுவனத்தை வாங்கியது. செயலிக்குள்ளேயே வாடிக்கையாளரோடு உரையாட வழிசெய்த அந்த உழைப்புதான் பின்னால் ஃப்ரெஷ்சாட் ஆனது. பெயர் போய்விட்டதே என்பீர்கள். இந்தத் தொழிலில் மென்பொருள் எழுதுவதைவிட விற்பதற்கே செலவு அதிகம். உலகெங்கும் ஆள் வைத்து விற்கச் சிறு நிறுவனத்திடம் பணம் ஏது? ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய ஃப்ரெஷ்டெஸ்க் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஊழியருக்குப் பங்கே தராமல் ஒரு நிறுவனம் கைமாறினால் சொல்லுங்கள், உங்கள் கட்சியில் சேர்கிறேன்.