வெனிஸ் பெரியப்பா

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெயர் மாறிப் பல ஆண்டு ஆன பிறகும் பாதிப் பேர் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குடும்பத்துக்கு ஒரு வெனிஸ் பெரியப்பா இருக்கிறார். உறவுமுறையில் அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ மூன்றாம் வீட்டு அங்கிளாகவோ இருக்கலாம். குணத்தில் அவர் பெரியப்பாதான். 55 வயதில் ஊழியர் சேமநிதி கைக்கு வந்ததும், பிள்ளைகள் தம் பங்குக்குக் கொஞ்சம் போட, பத்து நாளில் ஏழு நாடு காட்டும் ஐரோப்பியப் பயணத்தில் ஜூலை மாதம் போய் வந்தவர். ஏழு நாடுகளில் ஆறு அவருக்கு மறந்துவிட்டன. வெனிஸ் மட்டும் நின்றுவிட்டது. வரவேற்பறையில் முருகன் படத்துக்கு ஒரு சாண் தள்ளி, கோண்டோலாவில் உட்கார்ந்த அவருடைய படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. குளிர்பெட்டிக் கதவில் ரியால்தோ பாலம் காந்தமாய் ஒட்டியிருக்கிறது. மழை கொட்டிக் கடைத்தெருவில் தண்ணீர் ஏறி, ஊரே காடியை எங்கே நிறுத்துவது என்று தவிக்கும்போது, அவர் மட்டும் வாசலில் கைகட்டி நின்று, "இதைப் பார்க்கத்தான் அங்கே காசு வாங்குறான்" என்பார்.

அவரை நையாண்டி செய்வது எளிது. ஊரும் அதைக் குறைவில்லாமல் செய்கிறது. ஆனால் அவர் வெனிஸைப் பற்றிச் சொல்வதை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அத்தனையும் குறை. கழிப்பறைக்குப் போக ஒன்றரை யூரோ. சான் மார்க்கோ சதுக்கத்துக் காப்பிக்கடையில் வாத்தியம் வாசித்தால் காப்பிக்கு ஒரு கணக்கு, பாட்டுக்கு ஒரு கணக்கு. கால் வலிக்கிறதே என்று படியில் உட்கார்ந்தால் அபராதம். நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள்; பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு; சக்கரம் வைத்த பெட்டியைக் குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் கால்வாய் நாறுகிறது. ஐரோப்பாவில் கொசு இருக்காது என்று சொன்னவன் மட்டும் கையில் கிடைத்தால் விடமாட்டார். போதாததற்கு, 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து போகிறவர்கள் ஊருக்குள் நுழையவே கட்டணம் கட்ட வேண்டும். சர்க்கஸ் கூடாரத்துக்குத்தான் டிக்கெட் கேட்பார்கள், ஒரு ஊருக்குக் கேட்பார்களா என்று கேட்பார். இவ்வளவையும் சொல்லும்போது அவர் முகம் மட்டும் கல்யாண வீட்டு விளக்குப் போல ஜொலிக்கிறது. ஏமாந்தவனுக்கு அப்படி முகம் வராது. கொடுத்த காசுக்கு மேலாக எதையோ பெற்றுக்கொண்டு வந்தவன் முகம் அது. அவர் பெற்றது என்ன என்று கேட்டால், அந்தக் குறைகளைத்தான் என்பேன்.

முதல் சான்று, அவர் போன மாதம். நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே, ஆண்டு முழுக்க 32 பாகையில் வேகிறவர், அதே வெயிலை இன்னொரு கண்டத்தில் பார்க்க விமானம் ஏறுகிறார். ஐரோப்பியருக்குக் கோடை என்பது ஒன்பது மாதம் ஏங்கிக் கிடைக்கும் சலுகை. நமக்கு அது திங்கள், செவ்வாய், புதன். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போனால் வெயில் தணிந்திருக்கும், வரிசை குறையும், அறை வாடகையும் இறங்கும் என்று பயண முகவர் வீட்டுப் பையனே சொல்லியிருப்பான். பெரியப்பா கேட்கமாட்டார். விலை உச்சத்தில் நின்று, தோளோடு தோள் இடித்து, நகராட்சிப் படகில் நிற்க இடமின்றித் தொங்கிப் போனால்தான் வெனிஸ் பார்த்த கணக்கு. காலியான ஊரைப் பார்த்துவிட்டு வந்து என்ன குறை சொல்வது? கூட்டமில்லாத கோயிலில் கும்பிட்டதை ஊரில் சொன்னால் யாராவது காதுகொடுப்பார்களா? தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் நசுங்கியதை ஆயுள் முழுக்கச் சொல்லலாம்.

இரண்டாவது சான்று கொஞ்சம் பழையது. அதற்கு இந்த வட்டாரத்துக் கோலசிலாங்கூரின் சரித்திரத்துக்குள் போக வேண்டும். கால்வாய் நகரத்துக்காரர்கள் இந்த ஊருக்கு முதலில் வந்தது சுற்றுலாவுக்கு அல்ல. ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட டச்சுக் கம்பெனியின் படை 1784இல் ஆற்றுமுகத்துக் குன்றான புக்கிட் மெலாவத்தியைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்திங்கின் பெயரை அதற்கு வைத்தது. மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுவிட்டார். டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் கலங்கரை விளக்கத்தோடு இன்றும் ஒட்டியிருக்கிறது. பிறகு தோட்டத் துரைமார் வந்தார்கள். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொகோனியே 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இதே வட்டாரத்தில்தான். பயிர் செம்பனை, முதலாளி பிரெஞ்சு, தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! பெயராவது நம்முடையதாய் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள் போலும். அவரே பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசையும் வாங்கினார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த துரைமார்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் மறக்காமல் இடம்பெறுகிறவை வெயில், கொசு, காய்ச்சல், சமையல்காரன். ஆம், பெரியப்பாவின் பட்டியலேதான்.

அப்போது தோட்டத்தில் குறை சொல்ல உரிமை பெற்றவர் ஒருவரே. பிரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையில் நின்றவனுக்கு வெயில் சுடவில்லை என்றா அர்த்தம்? கொசு அவனையும்தான் கடித்தது. ஆனால் அவன் அதைச் சொன்னால் அதற்குப் பெயர் குறை இல்லை, திமிர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்து சிலாங்கூரில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு கூட, துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அந்தக் குறைக்குப் பதிலாகப் பட்டாளம் வந்தது, தொழிலாளிகள் சுடப்பட்டு இறந்தார்கள், முன்னின்ற ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரவேற்பறைப் படத்தை மறுபடியும் பாருங்கள். கோண்டோலா கறுப்பு; பதினொரு மீட்டர் நீளம்; படகோட்டி ஒரே பக்கம் ஒற்றைத் துடுப்புப் போடுவதால் வட்டமடித்துவிடாமல் நேரே போவதற்காக இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட அகலமாக வளைத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே சிவப்பு மெத்தை. அதில் பெரியப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், கோடு போட்ட சட்டையோடு, ஒரு வெள்ளைக்காரர் நின்றபடி துடுப்புப் போடுகிறார். அரை மணிக்கு 90 யூரோ, நம் காசுக்கு நானூறு வெள்ளிக்கு மேல். ஐந்து பேர் பங்கு போட்டது படத்தில் தெரியாதபடி மற்ற நால்வரைச் சட்டத்துக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். சைக்கிளை விட்டு இறங்கியவரின் பேரன் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைக்காரர் நிற்கிறார். இறங்கும்போது, "ரொம்ப அதிகம், தண்ணியும் நாறுது" என்று அவர் சொன்னது படகோட்டிக்குப் புரிந்திருக்காது. சொல்ல முடிந்ததே போதும்.

கால்வாய் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், இங்கே இல்லாத கால்வாயா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பெர்னாம் ஆற்றுத் தண்ணீர் தெங்கி ஆறு வழியாகக் கால்வாய்களில் இறங்கி, தஞ்சோங் காராங் முதல் செகிஞ்சான் தாண்டியும் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவிக்கிறது. விடியற்காலையில் அந்த வாய்க்காலில் விழும் வானம், எந்த இத்தாலிய வானத்துக்கும் இளைத்ததில்லை. கடலோரக் களிமண் தோட்டங்களிலோ சில வரிசை மரத்துக்கு ஒரு பாரிட் வெட்டியிருப்பார்கள்; நீளத்தைக் கூட்டினால் வெனிஸ்காரன் வெட்கப்படுவான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பாரிட்டைக் கரையில் நின்று பார்த்தவர். பெரியப்பாவின் அப்பா அதை 'தித்தி' என்கிற ஒற்றைப் பலகைமேல், செம்பனைக் குலையைச் சுமந்துகொண்டு கடந்தவர். மழைநாளில் பலகை வழுக்கும். கீழே தண்ணீர் தேயிலைச் சாயத்தில் நிற்கும். விழுந்தால் குலையும் போகும், அன்றைய கணக்கும் போகும். சுமையோடு கடக்க வேண்டிய தண்ணீரில் அழகு தெரிவதற்கு மூன்று தலைமுறை ஆகும். அதுவரை, கையை வீசிக்கொண்டு பார்க்கிற தண்ணீரைத் தேடித் தூரம் போகத்தான் வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வெனிஸ் பக்கமிருந்து வருகிறது. அதற்குப் பெரியப்பா சார்பில் என்னிடம் முழுப் பதில் இல்லை. 1951இல் அந்தத் தீவு நகரத்தில் சுமார் 175,000 பேர் குடியிருந்தார்கள்; இன்று 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் விடுதி அறைகளாகின்றன. இறைச்சிக் கடையும் தையல் கடையும் இருந்த இடங்களில் முகமூடி விற்கிறார்கள். 2021இல் பெரிய உல்லாசக் கப்பல்களை ஜியுதெக்கா கால்வாயிலிருந்து விலக்கினார்கள்; 2024இல் வழிகாட்டிக் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு போட்டு ஒலிபெருக்கியையும் தடுத்தார்கள். நம்மவர் நெத்திலி சம்பலும் மெகி மீயும் பெட்டியில் கொண்டுபோய், நகரத்துக்கு வெளியே மெஸ்த்ரேயில் தூங்கி, பகலில் வந்து மிதித்துவிட்டுப் போகிறவர். அந்த ஊருக்கு அவரால் வரவு சொற்பம், தேய்மானம் அதிகம். துரைமார் இங்கே செய்ததைவிட இது எவ்வளவோ சாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மீன் வாங்கக் கூடையோடு பாலம் ஏற முடியாமல் நிற்கும் வெனிஸ் கிழவி, மலாயாவுக்கு எந்தத் துரையையும் அனுப்பியவள் அல்லள். பழைய கணக்கைத் தவறான வீட்டுக் கதவில் தட்டி வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த நியாயம் பெரியப்பாவுக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை மாலைதோறும் அவரே அந்தக் கிழவி. கோலாலம்பூர்க் காடிகள் பாலத்தில் வரிசைகட்டி நிற்கும். பாசிர் பெனம்பாங்கில் நண்டு தின்ன வருகிறவர்கள், புக்கிட் மெலாவத்தியில் வெள்ளிமந்திக்குப் பயற்றங்காய் நீட்டுகிறவர்கள், செகிஞ்சான் வயலில் படம் எடுக்கிறவர்கள் என்று ஊரே திருவிழாவாகும். அப்போது அவர் வாசலில் நின்று, "நிறுத்த இடமில்லை, குப்பை போடுறான், விலையை ஏத்திட்டான்" என்பார். வார்த்தைக்கு வார்த்தை வெனிஸ் நகரவாசியின் முறையீடு. வருகிறவனாகவும் வந்தவனைச் சகிக்கிறவனாகவும் ஒரே ஆள் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. இக்காலத்தில் காசு கொஞ்சம் சேர்ந்த எல்லாரும் ஒரு வாரம் சுற்றுலாப் பயணி, மீதி ஐம்பத்தொரு வாரம் அதனால் அவதிப்படுகிறவர்.

ஆக, குறை சொல்லும் உரிமைக்காக அவர் போனது வீண் செலவில்லை என்றே தீர்ப்பளிக்கிறேன். ஒரே ஒரு பாக்கி இருக்கிறது. வீட்டிலிருந்து காடியில் கொஞ்ச நேரம் போனால் வரும் கம்போங் குவாந்தானுக்கு, மின்மினிப் படகு ஓடிய காலத்தில் அவர் போனதே இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருக்கும் இடத்துக்கு யாரும் போவதில்லை. அங்கேயும் இருட்டிய பிறகு படகுதான் போனது, அதுவும் கையால் துடுப்புப் போட்டு; பேச்சைத் தாழ்த்தச் சொன்னார்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள், யாரோ ஒரே விசையை அழுத்துவதுபோல், சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தன. பெரியப்பாவுக்குக் குறைக்குப் பஞ்சமிருந்திருக்காது: கொசு, இருட்டு, பளிச்சொளி போட விடவில்லை, படம் விழவில்லை. தாராளமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே துடுப்புப் போட்ட பாக்சிக்கிற்கு அவர் பேசும் மலாய் புரிந்திருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கரையைச் செதுக்கியதில் பூச்சி குறைந்துபோனதை, முன்பு எந்த மரம்வரை எரிந்தது என்று துடுப்பை நீட்டிக் காட்டி, அவரும் தம் குறையைச் சொல்லியிருப்பார். வெனிஸில் நானூறு வெள்ளி கொடுத்தும் கிடைக்காதது அது.