மணிக்கட்டில் ஒரு மேஸ்திரி

சண்டிகரும் பக்கத்து ஊர் பஞ்ச்குலாவும் சில ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞானத்தில் ஒரே தாவாகத் தாவின. தெருக் கூட்டுகிறவர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் ஏறியது. உள்ளே சிம் கார்டு, மைக், கேமரா. துடைப்பம் மட்டும் பழையது.

யார் எந்தத் தெருவில் நிற்கிறார், எப்போது நகர்ந்தார் என்று திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். உட்கார்ந்து புள்ளியைப் பார்ப்பவர் அதிகாரி. நடக்கிற புள்ளிதான் சோம்பேறி. பெண் ஊழியர்கள் ஒன்றுதான் கேட்டார்கள்: கழிப்பறைக்குப் போனாலும் இந்தக் கேமரா கூடவே வருமே?

பாவம், சாதனத்தைச் செய்தவர்களுக்கு இது எப்படித் தோன்றும்? சர்க்யூட் வரைபடத்தில் கழிப்பறை இல்லையே. இதைக் கேட்கத் தெரிந்தவர்களோ வரலாறும் மானுடவியலும் இலக்கியமும் படித்துவிட்டு, "பி.ஏ. படிச்சு என்ன கிழிக்கப் போறே?" என்று மாமா சித்தப்பாக்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் காரியமே கெட்டிருக்கும். கூட்டுகிறவரை அளக்கிறீர்களே, அள்ளாத குப்பையை ஏன் அளக்கவில்லை என்று ஆரம்பித்திருப்பார். பெரும்பாலும் தலித்துகள் தலையிலேயே கட்டிவைத்திருக்கும் வேலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தேகம் என்பார். டெண்டர் தேதி தாண்டியிருக்கும்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் இருக்கிறது. ஆலப்புழையில் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. அதில் ஏய்த்தவர்கள் தோட்டிகள் அல்ல. ஓவர்சியரும் நகராட்சித் தலைவரும். அதைப் படித்துவிட்டுக் கடிகாரம் செய்ய உட்கார்ந்தவர், பட்டைக்கு அளவெடுக்க வேறு மணிக்கட்டைத் தேடியிருப்பார்.

ஜெர்மனியில் கேய்லா என்றொரு இணையப் பொம்மை குழந்தைகளின் பேச்சைக் கேட்டு அனுப்பியது. 2017இல் அதை மறைமுக உளவுக் கருவி என்று தடை செய்து, வாங்கியவர்கள் அழித்துவிட வேண்டும் என்றார்கள். இங்கே வளர்ந்த பெண்ணின் கையில் மைக்கும் கேமராவும் கட்டினால் அது நிர்வாகச் சீர்திருத்தம். பொம்மைக்கு நேர்ந்த கதி இதற்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அங்கே ஒட்டுக்கேட்கப்பட்டது யாருடைய குழந்தை என்று யோசியுங்கள்.

உணரிகள் மேல் இவ்வளவு காதல் என்றால், சாக்கடைக் குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்று சொல்லும் கருவியும் கடையில் கிடைக்கிறது. உள்ளே இறங்குகிறவனிடம் அது இருப்பதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றக் கூடாது என்று 2013இல் போட்ட சட்டமும் அவனோடு குழிக்குள் இறங்குவதில்லை. செத்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்பு 10 லட்சம். அவன் எங்கே நிற்கிறான் என்பதை நொடிக்கு நொடி அறியத் துடிப்பவர்களுக்கு, மூச்சு நிற்பது மட்டும் சிக்னலில் வராது.

ஒரு யோசனை. அந்தக் கடிகாரத்தை ஒரே ஒரு மாதம் கமிஷனருக்கும் ஒப்பந்ததாரருக்கும் கட்டுங்கள். மதியச் சாப்பாடு எத்தனை மணி நேரம், கோப்பு எந்த மேசையில் தூங்கியது, கார் எந்த பங்களா வாசலில் நின்றது, எல்லாம் புள்ளியாக ஓடட்டும். திரையைத் தெருக் கூட்டுகிறவர்கள் பார்க்கட்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது முதல் நாள் காலையிலேயே எல்லோருக்கும் நினைவு வந்துவிடும். மத்தியானத்துக்குள் வக்கீலும் வந்துவிடுவார்.